கண் அசைவுச் சிகிச்சையும் முடியாத போரும்

போர் முடிந்தாலும் ஷெல் சத்தம் பலரது உடலுக்குள் இன்னும் ஓயவில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் பதுங்க இடம் தேடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணை இடமும் வலமும் அசைத்தால் இந்தக் காயம் ஆறுமா என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது.

ஈஎம்டிஆர் எனப்படும் இந்தச் சிகிச்சை அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷபிரோவிடமிருந்து வந்தது. 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் அங்குமிங்கும் அசைய, தன்னை வருத்திய எண்ணங்களின் வேகம் குறைவதை அவர் கவனித்தார். 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 2013இல் உலக சுகாதார நிறுவனம், மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டுக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

சிகிச்சை எட்டுக் கட்டங்களைக் கொண்டது. கண் அசைவு நடுவில்தான் வருகிறது. அதற்கு முன் சிகிச்சையாளர் உங்கள் கதையை அறிந்து, பதற்றம் கூடினால் அமைதிக்குத் திரும்பும் வழியைப் பழக்குவார். பிறகு மிக மோசமான காட்சியையும், அதோடு ஒட்டிய 'நான் காப்பாற்றாமல் விட்டேன்' போன்ற நினைப்பையும் மனதில் வைத்தபடி அவரது விரல் அசைவைக் கண்களால் பின்தொடர வேண்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. சொல்ல முடியாதவற்றைச் சுமக்கும் நம் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். நினைவு அழியாது, அதன் சூடு தணியும்.

கண் அசைவு இதில் எவ்வளவு பங்காற்றுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னமும் விவாதம் உண்டு. ஆகவே கைத்தொலைபேசியில் அசையும் புள்ளியைப் பார்ப்பது சிகிச்சை ஆகாது. துணைக்கு ஆளில்லாமல் பழைய காயத்தைத் திறப்பது ஆபத்தானது.

2004 சுனாமிக்குப் பின் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வந்து இலங்கையில் இம்முறையைக் கற்பித்தார்கள். ஆனால் போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வருகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அது முடிந்துவிட்டது, இப்போது பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று மனதை உணரச் செய்வதே இச்சிகிச்சையின் நோக்கம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்த தாய்க்கு எது முடிந்தது? பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவர் எப்படித் துக்கம் காப்பார்? காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அந்தத் தாய்மாரின் கேள்வி அப்படியே இருக்கிறது.

இதனால் சிகிச்சை வீண் என்று நான் சொல்லவில்லை. நீதி வரும்வரை நித்திரையின்றி இருக்க வேண்டும் என்று எவரிடமும் கேட்க முடியாது. போராடுவதற்கும் உடலில் தெம்பு வேண்டும். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். இம்முறையில் பயிற்சி பெற்றவரா, தமிழில் பேசுவாரா, அடுத்த மாதமும் இருப்பாரா என்று கேளுங்கள்.

அரசிடமும் கொடையாளர்களிடமும் கேட்க வேண்டியது வேறு. சிகிச்சை தருவது உண்மையைச் சொல்லும் கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது. கெட்ட நினைவின் சூட்டை உளவளத்துணையாளர் தணிக்கலாம். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.