சம்பளத்தில் பாதி வாடகைக்கு! சிறிய வீட்டுக்குப் போனால் பணம் மிஞ்சுமா?

சென்னை நகரில் மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்கிறார். ஒண்ணாந்தேதி சம்பளம். அஞ்சாந்தேதிக்குள் வாடகை. பத்தாந்தேதி பர்ஸ் காலி. மீதி இருபது நாளை ஓட்டுவது எப்படி என்பது குடும்பத் தலைவிக்குத்தான் வெளிச்சம்!

வீட்டைச் சுருக்கினால் செலவும் சுருங்கும் என்று கணக்குப் போட்டு, பலர் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு "ஒரு ரூம், ஒரு கிச்சன்" வீட்டுக்குப் போகிறார்கள். (சின்ன வீடு என்று எழுதினால் வாசகர்கள் வேறு அர்த்தம் எடுத்துக் கொள்வீர்கள். ஆகவே சிறிய வீடு என்றே எழுதுகிறேன்.)

போவது சரிதான். மிச்சமாகும் பணம் நிஜமாகவே கைக்கு வருகிறதா? அல்லது வேறு ஓட்டை வழியாக ஓடிவிடுகிறதா? பார்ப்போம்.

ஒரு வாசல், பத்துக் குடித்தனம்

சிறிய வீடு சென்னைக்குப் புதுசு இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஒண்டுக் குடித்தனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாசல், பத்துக் குடித்தனம். கிணறு பொது. கக்கூஸ் பொது. காலையில் வாளியை வைத்து இடம் பிடிக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன். கட்டிலைப் போட்டால் நடக்க இடம் இருக்காது. அந்த அறையில் இருந்துகொண்டே ஊருக்கு மணியார்டர் அனுப்பி, தங்கச்சி கல்யாணத்தை முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

சர்க்காரே சிறிய வீட்டுக்கு வழி காட்டிய காலமும் உண்டு. 1977-ல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு சிறு மனைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரோடு, தண்ணீர், சாக்கடை எல்லாம் சர்க்கார் போடும். வீட்டைக் குடும்பத்தார் கையில் காசு சேரச் சேரக் கட்டிக் கொள்ள வேண்டியது. முதலில் ஒரு அறை. அப்புறம் ஒரு அடுப்படி. மூத்த பையன் வேலைக்குப் போனதும் மாடி! இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். இரண்டு மாடி, மூன்று மாடி என்று நிற்கின்றன. ஏழைக்கு வீடு என்று சர்க்கார் செய்த காரியங்களில் உருப்படியானது இது என்பது என் அபிப்பிராயம்.

6 ஆயிரம் ரூபாய் மிச்சம்

இப்போது கணக்குக்கு வருவோம். மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று வைத்துக் கொள்வோம். சம்பளம் 28 ஆயிரம். மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை 14 ஆயிரம். அதாவது சம்பளத்தில் சரிபாதி!

அவர் 8 ஆயிரம் ரூபாய் வாடகையில் ஒரு அறை வீட்டுக்கு மாறுகிறார். மாதம் 6 ஆயிரம் மிச்சம். வருஷத்துக்கு 72 ஆயிரம். அஞ்சு வருஷத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம். வட்டி தனி. பெரிய பையன் காலேஜ் போகும்போது யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

"வாடகை கொடுப்பதற்குப் பதில் லோன் போட்டுச் சொந்த வீடு வாங்கலாமே?" என்று பில்டர் விளம்பரம் கூப்பிடுகிறது. 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 27 ஆயிரம். மொத்தம் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 65 லட்சம் போயிருக்கும். 28 ஆயிரம் சம்பளக்காரர் 27 ஆயிரத்தைத் தவணையாகக் கட்டிவிட்டு, மீதி ஆயிரத்தில் குடும்பத்துக்கு என்ன வாங்கிப் போடுவார்? அவருக்கு இப்போதைக்குச் சிறிய வாடகை வீடுதான் கட்டுப்படியாகும்.

ஆனால் அந்த 6 ஆயிரம் முழுசாக நிற்க வேண்டுமே!

10 மாத அட்வான்ஸ்

முதல் ஓட்டை அட்வான்ஸ். நமது கணக்குப்பிள்ளை பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு முன்பே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். 10 மாத வாடகை என்றால் 80 ஆயிரம். கையில் ஏது அவ்வளவு? 2 வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 1,600 ரூபாய் வட்டி. 8 ஆயிரம் வாடகை வீடு அங்கேயே 9,600 ஆகிவிட்டது! புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை வேறு.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் கொண்டு வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது சட்ட விரோதம். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும்.

பலே, அப்படியானால் நம்மிடம் மட்டும் ஏன் 10 மாதம் கேட்கிறார்கள் என்கிறீர்களா? அங்கேதான் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. "ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொண்டால் தவிர" என்று ஒரு வரி! வீட்டுக்காரர் அக்ரிமென்டில் 10 மாதம் என்று எழுதி நீட்டுகிறார். குடித்தனக்காரர் கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், "அடுத்த ஆள் வெளியே நிக்கிறார் சார்" என்பார்கள். மூன்று மாத அட்வான்ஸ் என்றால் 24 ஆயிரம்தான். அதே 2 வட்டிக்கு 480 ரூபாய். அந்த ஒரு வரியால் குடித்தனக்காரருக்கு மாதம் 1,120 ரூபாய் தண்டம்.

கடைசியில் காலி செய்யும்போது, "பெயின்ட் அடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொள்வது தனிக் கதை.

கரண்ட் கணக்கு

வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 முதல் இருக்கிற சலுகை இது. ஒரு அறை வீட்டில் ஒரு பிரிட்ஜ், இரண்டு ஃபேன், டி.வி. 120 யூனிட் ஓடியது என்று வையுங்கள். தனி மீட்டர் இருந்தால் பில் நூறு ரூபாய் கூட வராது. ஆனால் ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் என்றால், வீட்டுக்காரர் வைத்திருக்கும் சப் மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டில் இருந்தே 9 ரூபாய் போட்டால் 1,080 ரூபாய்!

வீட்டுக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாலு வீட்டுக் கரண்டும் ஒரே கணக்கில் சேரும்போது மேல் படிக்கட்டு ரேட்டில் அவர் கட்ட வேண்டி வருகிறது. மோட்டார் செலவும் இருக்கிறது. அதற்காக இலவச யூனிட்டும் சேர்த்து விலைக்கு விற்கப்படுவதை ஒப்புக்கொள்ள முடியாது. வீடு பார்க்கப் போகிறவர்கள் வாஸ்து பார்ப்பதற்கு முன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் இருக்கிற வீட்டுக்கு 500 ரூபாய் வாடகை கூடக் கொடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

தூரமும் காசுதான்

"ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி போனால் இதே வாடகைக்குப் பெரிய வீடு கிடைக்குமே!" கிடைக்கும். கடற்கரை ஸ்டேஷனில் இருந்து கூடுவாஞ்சேரி சுமார் 40 கிலோமீட்டர். மின்சார ரயில் சீசன் டிக்கெட் மலிவு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, ஸ்டேஷனில் இருந்து கடைக்கு நடை அல்லது பஸ். ஆக மொத்தம் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல். கடை இரவு 9 மணிக்கு மூடினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீடு போய்ச் சேர முடியும். மனைவியும் அக்கம்பக்கத்தில் வேலை பார்த்தவர் என்றால் அந்தச் சம்பளமும் போச்சு.

இதில் அடி வாங்கியவர்கள் கூவம், அடையாறு கரையில் இருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள். எட்டு மாடிக் கட்டிடங்கள். கூரைக் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு. ஆனால் வீட்டு வேலை, தள்ளு வண்டி, மார்க்கெட் கூலி எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பஸ்சுக்குக் காசு, பஸ்சுக்குக் காத்திருக்க நேரம், இரண்டும் இல்லாமல் வேலையை விட்ட பெண்கள் பலர். வீடு மலிவு, பிழைப்பு தூரம் என்றால் குடும்பம் எப்படி நிமிரும்?

இன்னொன்று. தரைத் தள வீட்டுக்கு வாடகை சல்லிசாகச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சுவரிலேயே கையை வைத்துக் காட்டுவார். பிரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் நனைந்தால் ஒரு வருஷ மிச்சம் ஒரே ராத்திரியில் காலி.

லீஸ் என்னும் கண்ணி

கடைசியாக, மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அதிகம் மாட்டிக் கொள்ளும் விஷயம்: லீஸ். நம் ஊரில் போக்கியம் என்றும் சொல்வார்கள். 6 லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையே இல்லை. மூன்று வருஷம் கழித்து 6 லட்சமும் அப்படியே திரும்பி வரும். கேட்கத் தேனாக இனிக்கிறது!

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8 ஆயிரம் வாடகை வரக்கூடிய வீடு. வருஷத்துக்கு 96 ஆயிரம். அதை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறார் என்றால், வீட்டுக்காரர் வருஷத்துக்கு 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று அர்த்தம். பேங்கில் இதைவிடக் குறைந்த வட்டிக்கு வீட்டின் பேரில் கடன் கிடைக்குமே? ஏன் வாங்கவில்லை? பல கேஸ்களில் பதில் ஒன்றுதான். ஏற்கனவே அந்த வீட்டின் பேரில் கடன் வாங்கியாகிவிட்டது!

தவணை கட்டாமல் விட்டால், 2002-ம் வருஷத்துச் சட்டப்படி பேங்க் சிவில் கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். உள்ளே இருப்பவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

இன்னொரு வகை ஆசாமிகள் இருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் மாத வாடகைக்கு எடுப்பார்கள். தாங்களே உரிமையாளர் போலவோ, ஏஜென்ட் போலவோ அதே வீட்டை லீசுக்கு விடுவார்கள். நாலைந்து மாதம் சொந்தக்காரருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். அப்புறம் ஆசாமி கம்பி நீட்டி விடுவான்! வாடகை வரவில்லையே என்று தேடி வரும் சொந்தக்காரரும், லட்சக்கணக்கில் கொடுத்த குடித்தனக்காரரும் வாசலில் சந்தித்துக் கொள்ளும்போதுதான் குட்டு உடையும். சென்னை போலீசுக்கு இந்த மாதிரிப் புகார்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்கள் இல்லை. நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்து, மாத வாடகைத் தொல்லை ஒழியட்டும் என்று கொடுத்தவர்கள்.

லீசுக்குப் போவதானால் முதலில் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பேங்க் அடமானம் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டு வரி ரசீதில் யார் பெயர், கரண்ட் கார்டில் யார் பெயர் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பணத்தைச் சொந்தக்காரர் பேங்க் கணக்கில் போடுங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறார்கள். வாயால் பேசுவது மூன்று வருஷம், பேப்பரில் எழுதுவது 11 மாதம்! முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம் மிச்சம் என்று இரண்டு பேரும் சந்தோஷப்படுகிறார்கள். பிரச்சினை வந்து போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகும்போது, 6 லட்சம் கொடுத்தவரின் கையில் இருப்பது காலாவதியான அந்த 11 மாதப் பேப்பர்தான்.