சொல்லத் தெரியாத வலி

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் ஊர்ப் பழமொழி. சொல்லே முழுதாக வாராத குழந்தைக்குப் பல் வலித்தால் அதை யார் அறிவார்? ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள குழந்தைகளையும், அவர்களைப் பேணி வளர்க்கும் தாய்மார்களையும் பற்றி என் கருத்துகளை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

இக்குழந்தைகளுள் பலருக்குப் புலன்கள் மிகக் கூர்மையானவை. நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் பற்பசை அவர்கள் நாவில் நெருப்பாய் எரியலாம். பிரஷ்ஷின் உரசலே தாங்க முடியாததாகலாம். மென்மையான, இனிப்பான சில உணவுகளை மட்டுமே உண்போர் உண்டு. உண்டதை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக் கொள்வோரும் உண்டு. பல் சொத்தையாவதற்கு இவை போதாவா? வலி வந்தால் வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்கள் உறக்கத்தை மறுப்பார்கள், உணவைத் தள்ளுவார்கள், தம்மையே அடித்துக் கொள்வார்கள்.

ஆவடியில் எங்கள் தெருவில் இத்தகைய சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவன் நாள்கணக்கில் கன்னத்தில் அறைந்துகொண்டு அழுதபோது, "பிடிவாதம், தாய் கொடுத்த செல்லம்" என்றே அக்கம்பக்கத்தார் பேசினர். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. சிகிச்சைக்குப் போன இடத்தில் நால்வர் அவனை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பல்லைப் பிடுங்கினார்கள். அன்று முதல் பல் துலக்கத் தாயிடம்கூட அவன் வாய் திறப்பதில்லை. அந்த அக்காவுக்கும் ஒரு பல் ஆடுகிறது. கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. "இவனை யாரிடம் விட்டுட்டு நான் டாக்டர்கிட்ட போவேன், தம்பி?" என்கிறார்.

நம் மேற்குப் புறநகரில் பல் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. வேலப்பன்சாவடியிலும் முகப்பேரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்றால், 1953-இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கூட்டமும் இரைச்சலும் நிறைந்த வேளை இக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று. முதல் நாள் நாற்காலியைப் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த முறை அதில் அமரட்டும். அதற்கடுத்த முறை வாய் திறக்கட்டும். சொல்லிக் காட்டி, பிறகு செய்யும் இம்முறையை அடல்ஸ்டன் என்னும் பல் மருத்துவர் 1959-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இதற்குப் புதிய கருவிகள் வேண்டாம். ஒவ்வொரு பல் மருத்துவமனையும் வாரத்தில் அமைதியான ஒரு மணி நேரத்தை இவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

"வரிசையில் காத்து நிற்கும் மற்றவர்களுக்கு இது அநீதி அல்லவா?" எனச் சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அதன் 25-ஆம் பிரிவு, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்கிறது. எனவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி செய்கிறது. பல் நோய்த் தடுப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். இச்செய்தி நம் தெருவில் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் அடுத்த பல் மருத்துவ முகாம் நடத்தும்போது, கூட்டம் சேருமுன் முதல் ஒரு மணி நேரத்தை இக்குழந்தைகளுக்கு ஒதுக்குவோம். முன்னதாகவே வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குச் செய்தி சொல்வோம். குழந்தையைப் பார்த்து முடித்ததும் தாயின் பல்லையும் மருத்துவர் பார்க்கட்டும். அதுவரை அக்குழந்தையின் அருகே அமர்ந்திருக்க நம்மில் இருவர் போதும்.