பல் ஆடுகிறதா? கடியையும் கவனியுங்கள்

முறுக்கைக் கடிக்கும்போது ஒரு பல் மட்டும் லேசாக ஆடுகிறதா? முன்பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ஈறு நோயும், பற்கள் சரியாகப் பொருந்தாத கடியும் சேர்ந்து அந்தப் பல்லை வதைத்துக்கொண்டிருக்கலாம்.

ஈறு நோய்க்கு மூல காரணம் கடி அல்ல. பற்களில் படியும் கிருமிப் படலம்தான். அதனால் ஈறு வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. கவனிக்காமல் விட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். புகைப்பழக்கமும் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் இதை விரைவுபடுத்தும். கடி அழுத்தம் மட்டுமே மனிதர்களுக்கு ஈறு நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே 2017இல் கூடிய அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர்களும் முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் கடியின் பங்கு என்ன? பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் உண்டு. மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். ஈறு ஆரோக்கியமாக இருந்தால், கூடுதல் அழுத்தத்தில் ஆடும் பல், அழுத்தம் குறைந்ததும் பெரும்பாலும் இறுகிவிடும். எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தால் கதை வேறு. மண் அரித்துப்போன வேலிக் கம்பம் சிறு அசைவுக்கே சாய்வதுபோல, சாதாரணமாக மெல்லுவதே அந்தப் பல்லுக்குப் பெருஞ்சுமையாகிவிடும்.

உயரமாக அமைந்துவிட்ட பல் அடைப்பு, பிடுங்கிய இடத்தை நோக்கிச் சாய்ந்த பல், தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் ஆகியவற்றால் ஒரே பல்லில் அழுத்தம் குவியலாம். மேல் பற்களின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்து, பற்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரு பல் மட்டும் அதிர்ந்தால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் காறையை நீக்கி, ஈற்றுக்குக் கீழே வேரையும் சுத்தம் செய்வார்கள். வீக்கம் தணிந்ததும் சில பற்கள் தாமாகவே இறுகும். அதன் பிறகும் தொல்லை இருந்தால், உயரமான இடத்தைச் சற்றே தேய்த்துச் சமன் செய்வது, இரவில் பல் கவசம் அணிவது, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு இணைப்பது என வழிகள் உண்டு.

பல் கம்பி போட நினைப்பவர்களுக்கும் இதே விதிதான். ஈறு நோய் அடங்கும் முன் பல்லை நகர்த்தினால், இருக்கும் எலும்பும் குறையக்கூடும்.

கடியைச் சரிசெய்தால் பல்லின் சுமை குறையும். ஈற்றைக் காப்பதோ, தினமும் இரு வேளை பல் துலக்கி, பல்லிடுக்குகளையும் சுத்தம் செய்யும் உங்கள் கைதான்.