மலைப்பாதையில் வேகம்



மலையேற்றம் என்றவுடன் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தார்க்குச் சதுரகிரியே முதலில் நினைவுக்கு வரும். தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து கால்நடையாய் ஏறுவோரை நாம் நன்கு அறிவோம். மோட்டார் வண்டிகள் மலையேறும் போட்டியும் உலகில் உண்டு. நம் வாலிபர்கள் அதைக் கைப்பேசியில் கண்டு களிக்கின்றனர். பெற்றோரும் அதுபற்றி அறிந்திருத்தல் நலம்.

இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1905-ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் போட்டி மிகத் தொன்மையானது. அதன் பாதை 1000 கெஜமே. அமெரிக்காவில் 1916-இல் தொடங்கிய பைக்ஸ் சிகரப் போட்டியிலோ 156 வளைவுகளைக் கடந்து, 4,300 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும்.

இப்போட்டியில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே, இடைவெளி விட்டுப் புறப்படும். ஓட்டுநருக்கு எதிரி கடிகாரம் ஒன்றே. பொது வாகனங்கள் நுழையாவண்ணம் சாலை அடைக்கப்படும். வளைவுகளில் கொடியுடன் காவலர் நிற்பர். சிவப்புக் கொடி அசைந்தால் வண்டி நின்றே ஆக வேண்டும். தலைக்கவசமும் தீத்தடுப்பு உடையும் இன்றி எவரும் ஏற இயலாது. பார்வையாளருக்கும் ஒழுங்கு உண்டு. வளைவின் வெளிப்புறத்தில் நிற்றல் ஆகாது. ஏனெனில், கட்டிழந்த வண்டி அப்பக்கமே பாயும். ஐரோப்பியப் போட்டிகளில் ஏறி முடித்த வண்டிகள் அணிவகுத்து, மெல்ல இறங்கும் காட்சி அழகானது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் துர்க்கைம். அங்கிருந்து த்ருவாசெப்பி என்னும் மலையூருக்குச் செல்லும் பாதையில் 1956-இல் இத்தகைய போட்டி தொடங்கிற்று. அம்மலையூர் அன்னை மரியாளின் திருத்தலம். 1491-இல் அவ்வழியே சென்ற கொல்லர் ஒருவருக்கு அன்னை ஒரு கையில் மூன்று கோதுமைக் கதிர்களும், மறுகையில் பனிக்கட்டியும் ஏந்திக் காட்சியளித்தார் என்பது மரபு. கதிர்கள் ஆசிக்கும், பனிக்கட்டி பயிரை அழிக்கும் தண்டனைக்கும் அடையாளமாம். மூன்று கதிர்கள் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள்.

திராட்சை நாடு நமக்கும் தொலைவில் இல்லை. நம் மலைத்தொடருக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர். ஆண்டு 1832 என்பர். அப்பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையும் வளைவுகள் நிறைந்ததே. ஆயின் அது எவருக்காகவும் அடைக்கப்படுவதில்லை. பேருந்தும், சரக்கு லாரியும், சபரிமலை யாத்திரிகர் வண்டியும் எந்த வளைவிலும் எதிரே வரும். அங்குக் கொடி காட்டுவார் எவருமில்லை. அத்தகைய சாலையில் இருசக்கர வண்டியைச் சீறவிடும் இளைஞன் வீரன் அல்லன். தன் உயிரையும் எதிரே வரும் குடும்பத்தின் உயிரையும் பணயம் வைப்பவன்.

பெற்றோரே, பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது பாசமன்று. அவன் ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் அடையக்கூடும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். மகனும் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. ஆயினும் சட்டத்தின் தண்டனை சிறிது. பிள்ளையை இழந்த வீட்டின் துயரமே பெரிது.

வேகம் தன்னிலே பாவமன்று. அதனைக் கற்க விரும்பும் மகனைத் திட்டி அடக்குவதில் பயனில்லை. வயது வரட்டும், உரிமம் பெறட்டும், ஆர்வம் மிகுந்தால் முறையான பந்தயத் தளத்தில் பயிலட்டும். சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் அத்தகைய தளம் உண்டு. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஒழுங்கோடு பயின்றதாலன்றோ அவ்வுயர்வு!

இன்றிரவு உணவின்போது பிள்ளைகளோடு இதுபற்றிப் பேசுங்கள். அந்தப் போட்டிக் காட்சியைச் சேர்ந்து பாருங்கள். வண்டியின் வேகத்தை அவர்கள் காட்டட்டும். வளைவில் நிற்கும் கொடிக்காரரை நீங்கள் காட்டுங்கள்.