கம்ப்ரஸர் வாங்கும் முன்...

சகோதரிகளே, "வற்றல் வடாமும் கைவைத்தியமும் எழுதுகிறவள், இந்தத் தடவை கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டாளே!" என்று சிரிக்காதீர்கள். கார் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் வரும். "டயருக்கு நாமே காத்து அடிச்சுக்கலாம், கீறல் விழுந்தா நாமே பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்று வீட்டுக்காரரோ பிள்ளையோ ஆரம்பிப்பார்கள். போகிற பணம் குடும்பப் பணம். பறக்கிற பெயிண்ட்டைச் சுவாசிக்கப்போவதோ நம் குழந்தைகள். ஆகவே நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். கார் டயருக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். காரிலேயே 12 வோல்ட்டில் சொருகுகிற கையடக்கக் கருவி அதைச் செய்துவிடும். அதற்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது, இருவர் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான்.

பெயிண்ட் அடிக்கத்தான் என்றால், கடைக்காரர் "இத்தனை ஹெச்.பி., இத்தனை லிட்டர் டாங்க்" என்று அடுக்குவார். மயங்காதீர்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருந்தாலும், மோட்டார் மெதுவாக ஏற்றினால் நாலு பக்கெட் பிடித்ததும் காலிதானே? இதுவும் அப்படித்தான். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வரும் என்பதே முக்கியம். இதை சி.எஃப்.எம். என்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் போடுவது பல சமயம் பம்ப் உள்ளே இழுக்கிற அளவு. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. "எஃப்.ஏ.டி. எவ்வளவு?" என்று கேட்டால்தான் உண்மையான கணக்கு வரும்.

1 ஹெச்.பி. மோட்டார் சுமாராக 3, 4 கன அடி தரும். சின்னக் கீறலுக்கு உதவும் சிறிய ஸ்பிரே கன்னுக்கு அது போதும். முழுக் கதவு, பானெட் அடிக்கும் பெரிய கன்களில் பலவும் 10 கன அடிக்கு மேல் கேட்கும். சின்ன இயந்திரத்தில் அதை மாட்டினால் பாதியில் காற்று குறைந்து, பெயிண்ட் திட்டுத்திட்டாக விழும். ஆகவே கன்னின் தேவையை முதலில் பார்த்து, அதற்கு மேல் காற்று தருகிற இயந்திரமாக வாங்கச் சொல்லுங்கள்.

ஆயில் ஊற்றுகிற ரகம் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் இல்லாத ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சாதாரண மாடல்களில் சத்தம் காதைப் பிளக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்டுவிடுவது நல்லது. மின்சாரத்துக்குப் பவர் பிளக்தான் சரி; மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகிவிடும்.

குக்கர் மூடியில் நீர் கோப்பது போல டாங்கின் உள்ளேயும் நீர் சேரும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துரு அரித்துத் தகடு மெலியும். டயரைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் தாங்குகிற பாத்திரம் அது, மெலிந்தால் வெடிக்கும். அதனால் காயலான் கடை டாங்க் வேண்டவே வேண்டாம். குக்கர் போலவே இதிலும் சேஃப்டி வால்வு சரியாக வேலை செய்ய வேண்டும். பெயிண்ட்டில் ஈரம் கலக்காதிருக்க, நீர் பிரிக்கும் ஃபில்டரும் தேவை.

இனி மிக முக்கியமான விஷயம். ஹார்டனர் கலக்கிற கார் பெயிண்ட்டுகளில் பெரும்பாலும் 'ஐசோசயனேட்' என்ற ரசாயனம் உண்டு. அது நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரலாம். வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். கைக்குட்டை கட்டினால் தடுக்காது, துணி மாஸ்க்கும் தடுக்காது. அந்த வேலையைப் பட்டறைக்கே விடுங்கள். மற்ற பெயிண்ட்டானாலும் வெட்டவெளியில், தகுந்த மாஸ்க் போட்டு அடிக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தின்னர் ஆவி தீப்பிடிக்கும். போர்ட்டிகோவை ஒட்டிச் சமையலறை ஜன்னல் இருந்தால், அடுப்பை அணைத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

அந்தக் காற்றை உடம்பில், காதில், கண்ணில் விளையாட்டுக்குக்கூட அடிக்க விடாதீர்கள். உடைத்தூசி தட்டவும் கூடாது. குடலைக் கிழித்து உயிரையே வாங்கியிருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு கீறல்தான் என்றால் கூலி கொடுத்து அடித்துக்கொள்வதே லாபம். அடிக்கடி வேலை உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மாஸ்க்கும் ஃபில்டரும் அதே பில்லில் சேர்ந்திருக்கட்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், "அப்போ மெஷினையும் அப்புறமே வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.