புல்வெட்டும் இயந்திரத்தில் தீ அபாயம்: கவனிப்பது யார்?

பெங்களூரில் பெரிய வளாகங்களின் புல்தரையைப் பார்த்து மெச்சாதவர்கள் இல்லை. அந்தப் புல்லை வெட்டிச் சமன் செய்கிறவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழர்களும் உண்டு. அவர்கள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் தீப்பிடிக்கக் கூடியது என்பதைத்தான் பலரும் நினைப்பதில்லை.

பெட்ரோல் வண்டிதானே, அதில் மின்சாரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதை ஸ்டார்ட் செய்வதே 12 வோல்ட் பாட்டரிதான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. ஆனால் பாட்டரியின் பாசிட்டிவ் வயர் உரிந்து இரும்புச் சட்டத்தில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நொடியில் வயர் பழுத்து, மேலுறை பற்றிக்கொள்ளும்.

வயர் ஏன் உரிகிறது? இயந்திரம் ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. கிளிப் கழன்ற வயர் சட்டத்தின் விளிம்பில் உராய்கிறது. ஷெட்டில் எலி கடிப்பதும் உண்டு. பக்கத்திலேயே சூடான சைலன்சர், பெட்ரோல் குழாய், மூடிக்குள் அடைந்து காய்ந்த புல். அடுப்பில் விறகு அடுக்கியாகிவிட்டது; பொறி ஒன்றுதான் பாக்கி.

பியூசுக்குப் பதில் கம்பி

பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் எங்கோ கோளாறு என்று பொருள். கோளாறைத் தேடாமல் பியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றி ஓட்டுகிறார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பான காரியம் இது.

பிளக்கில் மாட்டி ஓட்டும் சிறிய இயந்திரத்திலும் இதே கதைதான். 1,500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதற்கு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரை நீட்டுகிறார்கள். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை.

இதெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தெரியாததல்ல. கருகல் நாற்றம் முதலில் தெரிவது அவருக்குத்தான். சொன்னால், "இன்றைக்கு ஓட்டு, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார் மேஸ்திரி. காண்டிராக்டர் கம்பெனியைக் காட்டுகிறார். கம்பெனி காண்டிராக்டரைக் காட்டுகிறது. ஓட்ட மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே அவர் ஓட்டுகிறார்.

எழுதி வைப்பது அவசியம்

இங்கே அலுவலகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. புது வயருக்கும் பியூசுக்கும் வரும் இண்டென்ட் குமாஸ்தாவின் மேஜையைக் கடந்துதான் போகிறது. செலவைக் குறைப்பதாக நினைத்து அதை அடித்துவிடும் பேனா, ஒரு தொழிலாளியின் உயிரோடு விளையாடுகிறது. வயர் வாங்குவது சிக்கனத்தைக் கெடுக்கும் செலவல்ல.

வேலையில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு உண்டு என்பது 1923-ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் கோளாறு பற்றி வாயால் சொன்னதற்குப் பின்னால் சாட்சி கிடைப்பது கஷ்டம். தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதினால் யாரும் மறுக்க முடியாது. எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் இரண்டு வரி எழுதிக் கொடுப்பது பெரிய உபகாரம்.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. வேலை முடிந்து இயந்திரம் ஆறியதும் அடைந்த புல்லை நீக்க வேண்டும். வாரம் ஒரு முறை வயர்களைப் பார்க்க வேண்டும். சரியான அளவு பியூஸ் போட வேண்டும். பவுடர் தீயணைப்பான் ஒன்றை ஷெட்டில் தொங்கவிடாமல் வேலை நடக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு நாள் இயந்திரம் நின்றால் புல் ஒரு விரற்கடை கூட வளராது. வயரை மாற்றிவிட்டு மறுநாள் வெட்டட்டும். சம்பந்தப்பட்டவர்கள் இதை உடனே கவனிப்பார்களா?