சாரத்திற்கு உத்தரவாதி யார்?

தாம்பரத்திலிருந்து சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் வரையில் எத்தெருவில் நுழைந்தாலும் வீடு கட்டும் வேலை நடக்கக் காண்கிறோம். சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்து, குறுக்கே பலகையொன்றிட்டு, அதன்மீது நின்று கொத்தனார் பூசுகிறார். கழியின் அடி இளகிய மண்ணில் ஊன்றியிருக்கிறது. கயிறோ மழையில் நனைந்து இற்றுப்போனது. பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கழி கிடையாது. கீழே சித்தாள் கலவை சுமந்து செல்கிறாள். அப்பலகை நழுவினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

வீட்டுக்காரரைக் கேட்டால், "காண்ட்ராக்டில் விட்டாயிற்று" என்பார். காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரியோ, விழுந்தவன் ஜாக்கிரதையாக நின்றிருக்க வேண்டுமென்பார். இவ்வாறு உத்தரவாதம் கைக்குக் கை இறங்கி, முடிவில் எலும்பு முறிந்தவன் தலையிலேயே வந்து விழுகிறது. இதனை நியாயமென்று நாம் ஒருகாலும் ஒப்புக்கொள்ளோம்.

சட்டம் இல்லையா? உண்டு. கட்டிடத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென 1996-இல் மத்திய சர்க்கார் சட்டமியற்றியது. 1998-இல் வகுத்த விதிகள் சாரத்தைப் பற்றியும் விரிவாகக் கூறின. ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், 10 லக்ஷ ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தமக்கென்று கட்டிக்கொள்ளும் வீட்டையும் அச்சட்டம் விலக்கிவிட்டது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பு, சொந்த வீட்டுக்குரிய வரம்பை 50 லக்ஷமாக உயர்த்தியது. வீட்டுக்காரருக்குச் சலுகை பெருகிற்று. சாரத்தின்மேல் நிற்பவனுக்குக் காவல் சுருங்கிற்று.

2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டபோது நாடே பதறியது. விசாரணைக் கமிஷனும் அமைந்தது. ஒருவர் ஒருவராக விழுந்து மடிவோருக்கு எந்தக் கமிஷன் அமையும்?

எனினும், கட்டுவிப்போரும் கட்டுவோரும் முற்றிலும் தப்பிவிட்டதாக எண்ணலாகாது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 290-ஆம் பிரிவு, கட்டிடத்தை இடிப்பதிலும் பழுதுபார்ப்பதிலும் மட்டுமன்றி, கட்டுவதிலும் காட்டும் அஜாக்கிரதையைக் குற்றமாக்கியிருக்கிறது. அஜாக்கிரதையால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைவாசம் உண்டு. ஆயினும் தண்டனை, ஆள் விழுந்த பிறகு வருவது. சாரம் உறுதியாயிருக்க வேண்டியதோ அதற்கு முன்பு.

ஆதலின் நாம் கோருவது ஒன்றே. 2500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி தரும் ஏற்பாட்டை ராஜ்ய சர்க்கார் 2024 ஜூலையில் தொடங்கியது. ஜனங்களின் அலைச்சலைக் குறைத்த அவ்வேற்பாட்டை நாம் குறை கூறவில்லை. வீட்டுக்காரரின் வார்த்தையை நம்பி அனுமதி தருவோர், அதே மனுவில் சாரத்திற்கு உத்தரவாதி இன்னாரென்று பெயரும் கையொப்பமும் ஏன் கேட்கலாகாது? அப்பெயரை வேலையிடத்தில் எழுதி வைக்கும்படி ஏன் விதிக்கலாகாது? இதற்குச் செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும். தாம்பரம் மாநகராட்சி அங்கத்தினர்கள் இவ்விஷயமாகத் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும்.

பொது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் வீடு கட்டுகிறோம். மேடையில் தொழிலாளர் உரிமை பேசிவிட்டு, நம் வீட்டுச் சாரத்தின் கயிற்றைத் தொட்டுப் பாராதிருப்பது நமக்கு அழகாகுமா? கிரகப்பிரவேசத்திற்கு நல்ல நாள் பார்க்கும் நாம், சுவரெழுப்பியவன் மாலையில் பத்திரமாக வீடு திரும்பினானா என்று நாள்தோறும் பார்ப்போமாக.